கயிறு இழுக்கும் எட்டுப் பேர்

ஒரு ஆள் தனியாகக் கயிறு இழுக்கும்போது தரும் விசையை 1 என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தால் 8 வரவேண்டும். 'பத்து ஆட்கள் ஒரு சுவரை எட்டு நாளில் கட்டினால், இருபது ஆட்கள் எத்தனை நாளில் கட்டுவார்கள்' என்று பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டு முழு மார்க் வாங்கியவர்கள்தானே நாம். இன்றைக்கும் பல சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்களின் திட்டம் இந்தச் சுவர்க் கணக்கில்தான் ஓடுகிறது. ஆனால் அது மனிதர்களுக்குப் பொருந்தாது என்று 1913-லேயே ஒருவர் அச்சில் போட்டுவிட்டார்.

அவர் பெயர் மாக்ஸ் ரிங்கெல்மான். பிரெஞ்சுக்காரர், விவசாயப் பொறியாளர். மனசு, குழு, உளவியல் இதிலெல்லாம் அவருக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. மாடு, குதிரை, மனிதன், இயந்திரம் இவற்றில் எதை வைத்து வேலை வாங்கினால் லாபம் என்பதுதான் அவர் கேள்வி. 1880-களில் சோதனைகளைச் செய்துவிட்டு, கட்டுரையாக வெளியிட்டது 1913-ல். (டாக்குமென்டேஷனைத் தள்ளிப்போடும் பழக்கம் நம் தொழிலில் மட்டும் இல்லை என்பதில் ஒரு ஆறுதல்.)

கூட்டாகச் செய்யும் உடல் உழைப்புக்கு அவர் ஒரு அட்டவணை கொடுத்தார். இரண்டு பேர் சேரும்போது ஒவ்வொருவரும் தருவது தனியாகத் தந்ததில் 93 சதவீதம். நான்கு பேர் என்றால் 77. எட்டுப் பேர் என்றால் 49. இதைப் பெருக்கிப் பாருங்கள். ஏழு பேருக்கு 56 சதவீதம் என்கிறார், அதாவது மொத்தம் 3.92. எட்டுப் பேருக்கு 49 சதவீதம், மொத்தம் அதே 3.92. எட்டாவது ஆளைச் சேர்த்ததில் கிடைத்த கூடுதல் பலன் பூஜ்யம். அவருக்குச் சம்பளம் மட்டும் முழுசு.

சரி, மீதி விசை எங்கே போச்சு? இரண்டு பதில் இருக்கிறது. ஒன்று, எல்லோரும் ஒரே நொடியில், ஒரே திசையில் இழுப்பதில்லை. இதை ஒருங்கிணைப்பு இழப்பு என்று சொல்லலாம். இன்னொன்று, கூட்டத்தில் நிற்கும்போது ஒவ்வொருவரும் கொஞ்சம் கை தளர்த்துகிறார்கள். இது முனைப்பு இழப்பு. ரிங்கெல்மான் முக்கியமாக நம்பியது முதல் காரணத்தை. இரண்டாவதும் அவர் கண்ணில் படாமல் இல்லை. மாவு மில்லின் சுழற்றியைச் சுற்றும் சிறைக் கைதிகளைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: பக்கத்து ஆள் சுற்றுவான் என்று நம்பி, சிலர் வெறுமனே கையை வைத்திருந்தார்களாம். சுழற்றிதான் அவர்கள் கையை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நூற்றிச் சொச்சம் வருஷத்துக்கு முந்தைய குறிப்பு. பன்னிரண்டு பேர் இருக்கும் வீடியோ காலில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களை நினைத்துக்கொண்டு படித்தால் சிரிப்பு வரும்.

இந்த இரண்டு இழப்பையும் தனித்தனியாக அளக்க முடியுமா என்ற கேள்விக்குச் சரியான பதில் கிடைக்க 1974 ஆனது. இங்கம் என்பவரும் சக ஆய்வாளர்களும் செய்த தந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சோதிக்கப்படும் ஆளைக் கயிற்றின் முன்வரிசையில் நிறுத்திக் கண்ணைக் கட்டிவிட்டார்கள். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் ஆய்வாளர்களின் ஆட்கள். இழுப்பது போல நடித்தார்களே தவிர இழுக்கவில்லை. ஆக, கயிற்றில் வேலை செய்தது ஒரே ஒருவர். ஒருங்கிணைப்பு இழப்புக்கு அங்கே இடமே இல்லை. அப்படியும், பின்னால் இரண்டு பேர் இழுக்கிறார்கள் என்று நம்பியபோது அவர் தந்த விசை சுமார் 85 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

ஐந்து வருடம் கழித்து, 1979-ல், லட்டானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் மூவரும் கயிற்றை விட்டுவிட்டுக் கத்தச் சொன்னார்கள். முடிந்த வரைக்கும் சத்தமாகக் கத்த வேண்டும், அவ்வளவுதான். ஆறு பேர் நிஜமாகவே சேர்ந்து கத்தியபோது ஒருவருக்கான அளவு 36 சதவீதம். கண்ணையும் காதையும் மறைத்துவிட்டு, 'உங்களோடு இன்னும் ஐந்து பேர் கத்துகிறார்கள்' என்று நம்ப மட்டும் வைத்தபோது 74 சதவீதம். அதாவது தொலைந்துபோன 64-ல் 26 மட்டும் முனைப்பு குறைந்ததால் போனது. மீதி 38, சத்தங்கள் ஒன்றோடொன்று சேராமல் வீணானது. இந்தச் சோதனைக்கு அப்படியே பொருந்தும் கணக்கு இது, ஆபீசுக்கு அல்ல. ஆனாலும் இரண்டு இழப்பும் தனித்தனி, இரண்டும் கணிசமானவை என்பது இதில் தெளிவாகிவிடுகிறது.

நம் வேலையில் முதல் வகை இழப்பைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றவர் ஃபிரெட் புரூக்ஸ். ஐபிஎம்-இல் ஓஎஸ்/360 தயாரிப்பை நடத்தியவர். தாமதமான ப்ராஜெக்டில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று 1975-ல் எழுதினார். காரணம் எளிய கணக்கு. நான்கு பேர் என்றால் ஒருவரோடொருவர் பேச 6 இணைப்புகள். பதினொரு பேர் என்றால் 55. ஆள் மூன்று மடங்குகூட ஆகவில்லை, பேச்சு ஒன்பது மடங்கைத் தாண்டிவிட்டது.

4, 11 என்ற எண்களைச் சும்மா எடுக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு டீமின் கதை அது. கம்பெனி பெயர் வேண்டாம். நாலு பேர் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்த வேலை. ரிலீசுக்கு மூணு மாசம் இருக்கும்போது ஏழு பேரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பழைய நாலு பேரின் காலை நேரம் முழுக்க, புது ஆட்களுக்கு விளக்கம் சொல்வதிலேயே போனது. புதியவர்கள் எழுதிய கோட் ரிவ்யூவுக்காக நாள்கணக்கில் கிடந்தது. ரிலீஸ் தள்ளிப்போனது. உடனே மேலிடத்துக்கு வந்த முடிவு: 'டீம்ல சில பேர் வேலை செய்றதில்ல.' தினமும் ஒரு ஸ்டேட்டஸ் மீட்டிங் போட்டார்கள். 15 நிமிடம்தான், ஆனால் பதினொரு பேர். ஒரு நாளைக்கு 165 நிமிடம், கிட்டத்தட்ட மூணு மணி நேர உழைப்பு. அந்த வருட அப்ரைசலில் இரண்டு பேர் கடைசித் தரத்தில் விழுந்தார்கள், வேலையும் போனது. இருவருமே புதிதாக வந்தவர்கள். அதில் ஒருவர் பிறகு வேறு இடத்தில் மூன்று பேர் டீமில் சேர்ந்து, அங்கே நம்பி வேலையை ஒப்படைக்கும் ஆளாக இருக்கிறார். வீட்டுக்கடனோடு ஐந்து மாதம் சும்மா இருந்தது மட்டும் அவர் கணக்கில்.

அங்கே நடந்தது அப்பட்டமான ஒருங்கிணைப்பு இழப்பு. கொடுத்த மருந்தோ முனைப்பு இழப்புக்கானது. பேதிக்கு மாத்திரை கேட்டவருக்குத் தலைவலித் தைலம் தடவிய மாதிரி.

எந்த இழப்பு என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. ஆட்கள் எதற்காவது காத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ரிவ்யூவுக்கு, அனுமதிக்கு, இன்னொருவர் முடிப்பதற்கு. ஒரே வேலையை இரண்டு பேர் செய்து ஒன்றைத் தூக்கிப் போடுகிறார்களா என்று பாருங்கள். ஆமாம் என்றால் பேச்சு குறையும்படி வேலையைப் பிரிக்க வேண்டும். ஆளை மிரட்டிப் பயனில்லை. மாறாக, யாரும் எதற்கும் காத்திருக்கவில்லை, வேலை மட்டும் கிடக்கிறது என்றால் அது இரண்டாவது வகை. ஒரு சின்ன சோதனை உண்டு. டீம் முழுவதுக்கும் ஒரு கேள்வியை மெயிலில் போடுங்கள். மறுநாள் அதே மாதிரி ஒரு கேள்வியை ஒருவர் பெயர் சொல்லி அனுப்புங்கள். முதலாவதற்குப் பதிலே வராமல், இரண்டாவதற்குப் பத்து நிமிடத்தில் வந்தால், 'வேற யாராவது பாத்துப்பாங்க' என்பதுதான் நோய். ராஜா கட்டளைப்படி எல்லோரும் குளத்தில் ஒரு குடம் பால் ஊற்றப் போய், விடிந்து பார்த்தால் குளம் முழுக்கத் தண்ணீராக இருந்த கதை தெரியும்தானே?

இதற்கான மருந்தையும் வில்லியம்ஸ் கூட்டணியே 1981-ல் சோதித்தது. கூட்டத்தில் கத்தினாலும் உங்கள் சத்தம் தனியாக அளக்கப்படும் என்று சொன்னதும் கை தளர்வது நின்றுவிட்டது. இதைப் படித்ததும் பல மேனேஜர்களுக்குக் குஷி வந்துவிடும். உடனே டைம்ஷீட், டிக்கெட் எண்ணிக்கை, கீபோர்டைத் தட்டுவதை எண்ணும் சாஃப்ட்வேர் என்று கிளம்பிவிடுவார்கள்.

அங்கேதான் சிக்கல். நம்மூர்த் தேரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கிறார்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் சில பேர் முட்டுக்கட்டையோடு ஓடுகிறார்கள். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள் போடும் கட்டைதான். கொஞ்சம் பிசகினால் உயிர் போகும் வேலை. வடத்தில் விசைமானி மாட்டி அளந்தால் இவர்களின் பங்கு சுத்தமாகப் பூஜ்யம். (அந்தச் சொல்லே நம் பேச்சில் 'தடை' என்ற வசவாகிவிட்டது பாருங்கள்!) சாஃப்ட்வேர் டீமிலும் இப்படி ஓரிருவர் இருப்பார்கள். மற்றவர்களின் கோடைப் பொறுமையாகப் படிப்பவர், 'இதை இப்போ ரிலீஸ் பண்ண வேண்டாம்' என்று சொல்பவர். டிக்கெட் எண்ணும் கம்பெனியில் அவர்கள் ஒன்று கட்டையைக் கீழே போட்டுவிட்டு வடம் பிடிக்கப் போய்விடுவார்கள், இல்லை அப்ரைசலில் அடிவாங்குவார்கள். என் அபிப்பிராயத்தில், யார் எதற்குப் பொறுப்பு என்று எல்லோருக்கும் தெரிந்தால் போதும். எத்தனை என்று எண்ணுவது அதற்கு மேல் எதையும் சேர்ப்பதில்லை, பெரும்பாலும் கெடுக்கிறது.

கராவ், வில்லியம்ஸ் இருவரும் 1993-ல் 78 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். வேலை தனக்கு அர்த்தமுள்ளதாகத் தெரிந்தால் தளர்வு குறைகிறது. பக்கத்தில் இருப்பவர் கெட்டிக்காரர், அவரே முடித்துவிடுவார் என்று தோன்றினால் கூடுகிறது. சூப்பர் ஸ்டார் ஒருவரை டீமில் போட்டால் எல்லோரும் உற்சாகமாகிவிடுவார்கள் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டாவது முடிவைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எல்லாமே இழப்புக் கணக்குதானா என்றால், இல்லை. 1920-களில் ஓட்டோ கோலர் என்ற ஜெர்மானியர் பெர்லின் படகுப்போட்டி கிளப் ஆட்களை வைத்து நேர்மாறான ஒன்றைக் கண்டார். கனமான கம்பியைக் கை சோரும் வரை தூக்கி இறக்க வேண்டும். முதலில் தனியாக. பிறகு இரண்டு மடங்கு எடையை இருவர் சேர்ந்து. ஒருவர் விட்டுவிட்டால் இன்னொருவரால் தொடர முடியாது. இப்படிச் சேர்ந்து தூக்கியபோது, இருவரில் பலம் குறைந்தவர் தனியாகத் தாக்குப்பிடித்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். தன்னால் ஆட்டம் நிற்கக்கூடாது என்ற வீம்பு. ஆனால் இருவருக்கும் பல வித்தியாசம் நடுத்தரமாக இருந்தால்தான் இது நன்றாக வேலை செய்தது. சம பலமாக இருந்தாலும், மலைக்கும் மடுவுக்குமாக இருந்தாலும் பலன் குறைந்துவிட்டது. புதிதாகச் சேர்பவரை டீமிலேயே பெரிய புலியோடு ஜோடி போடுவதா, இரண்டு வருடம் மூத்தவரோடு போடுவதா என்று கேட்டால், நான் இரண்டு வருடம் மூத்தவரைத்தான் சொல்வேன்.