காசுமாலையும் பதினெட்டுப் பென்ஸும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியே இரமணாசிரமத்தை நோக்கிச் செல்பவர்கள், அயல்நாட்டு நாணயத்தை மாற்றித் தரும் சிறு கடைகளைக் கண்டிருப்பார்கள். டாலருக்கு இவ்வளவு, பவுனுக்கு இவ்வளவு, யூரோவுக்கு இவ்வளவு என்று அங்கே கணக்குச் சொல்வார்கள். கடல் கடந்து வருகின்ற யாத்திரிகர்களுக்கு அது வேண்டிய கணக்குத்தான். ஆனால் மலைக்கு அப்பால் மானாவாரிக் கொல்லையில் ஏர் ஓட்டுகிற உழவருக்கு அந்தக் கணக்கினால் ஆவதென்ன? மாணவப் பருவத்தில் நானும் இவ்வாறு கேட்டதுண்டு. தம் வாழ்நாளில் ஓர் அயல்நாட்டு நோட்டையும் தொட்டறியாத என் பாட்டியாரின் கழுத்திலிருந்து காசுமாலையை இறக்கியது அந்தக் கணக்குத்தான் என்பது, பொருளாதாரம் பயின்ற பிறகே எனக்கு விளங்கிற்று.

முதலில் அந்தக் காசுமாலையைச் சொல்லிவிடுகிறேன். அதில் 11 காசுகள் கோத்திருந்தன. அவை இங்கிலாந்து நாட்டுத் தங்க நாணயங்கள். அந்நாணயத்திற்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் ‘சாவரின்’. அதுவே நம் நாவில் சவரன் ஆயிற்று. அதன் மதிப்பு ஒரு பவுண்டு. அது பவுன் ஆயிற்று. ஏறக்குறைய 8 கிராம் எடையுள்ள அந்த நாணயத்தைத்தான், இன்று நகைக்கடையில் 8 கிராமுக்குப் பவுன் என்று சொல்லும்போது, நாம் அறியாமலே நினைவுகூர்கிறோம். ஆக, பாட்டியார் அணிந்திருந்தது நகை. அதுவே அன்னிய நாணயமும்கூட.

ஒரு நாட்டு நாணயத்திற்கு மற்றொரு நாட்டு நாணயம் எவ்வளவு கிடைக்கும் என்பதே நாணயமாற்று விகிதம். முதல் உலகப் போருக்கு முன் நம் ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 16 பென்ஸ், என்ற விகிதம் இருந்தது. ஒரு பவுனுக்கு 240 பென்ஸ் ஆகையால், பவுனுக்கு 15 ரூபாய். போருக்குப் பின் அவ்விகிதம் நிலைகொள்ளாமல் தள்ளாடியது. 1926ஆம் ஆண்டில் ஹில்டன் யங் என்பாரின் தலைமையில் அமைந்த கமிஷன், ரூபாய்க்கு 18 பென்ஸ் என்று நிலைநிறுத்தலாம் எனப் பரிந்துரைத்தது. கமிஷனில் அங்கம் வகித்த பம்பாய் வணிகப் பெருமகனார் சர் புருஷோத்தம்தாஸ் தாகுர்தாஸ் அதற்கு இணங்காது தனிக்குறிப்பு எழுதினார். எனினும் 1927ஆம் ஆண்டில் 18 பென்ஸே சட்டமாயிற்று. பவுனுக்கு இனி 13 ரூபாய் 5 அணா 4 பைசா.

இரண்டு பென்ஸ் வேறுபாடு பெரிதா என்று தோன்றலாம். எங்கள் பக்கத்து மல்லாட்டையைக் கொண்டு கணக்குப் பாருங்கள். புத்தகத்தில் நிலக்கடலை என்று எழுதுவர். எங்கள் சீமையில் அது மணிலாக்கொட்டை, பேச்சில் மல்லாட்டை. உரித்த பருப்பு திருவண்ணாமலை மண்டிகளிலிருந்து இரயிலேறி விழுப்புரம் சென்று, புதுச்சேரி, கடலூர் துறைமுகங்களில் கப்பலேறி, பிரெஞ்சு நாட்டு மார்சேல் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போகும். அங்கே ஒரு பவுன் விலை பெறுகிற சரக்குக்குப் பழைய விகிதத்தில் 15 ரூபாய் வரும்; புதிய விகிதத்தில் 13 ரூபாய் 5 அணா 4 பைசாதான் வரும். பவுனுக்கு 1 ரூபாய் 10 அணா 8 பைசா குறைவு. உழைப்பு அதே, சரக்கும் அதே. மாறாக, மான்செஸ்டர் துணி இங்கே மலிவாக இறங்கும். ஆண்டுதோறும் இலண்டனில் பவுனாகச் செலுத்த வேண்டிய தொகைகளுக்கு இந்திய சர்க்காருக்கும் குறைந்த ரூபாயே செலவாகும். 1930 ஜனவரியில் காந்தியடிகள் வெளியிட்ட பதினொரு கோரிக்கைகளில் உப்புவரி நீக்கத்தோடு, ரூபாயின் விகிதத்தை 16 பென்ஸாகக் குறைக்க வேண்டும் என்பதும் ஒன்று. உப்புக்கு அவர் தண்டி யாத்திரை நடந்ததை நாம் எல்லோரும் படிக்கிறோம். பென்ஸுக்காகக் கேட்டதைப் பாடநூல்கள் ஏனோ சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அதன்பின் உலகெங்கும் விளைபொருள்களின் விலை வீழ்ந்தது. நெல்லும் மல்லாட்டையும் சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி விலைக்கு வந்து நின்றன. இந்த வீழ்ச்சிக்கு விகிதமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. உலக விலையே விழுந்தது. ஆயினும் விழுகின்றவன் தலையில் ஒரு மூட்டையையும் ஏற்றி வைத்தது போல அது அமைந்தது.

இவ்விடத்தில் மாணவர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். விலை பாதியாயிற்று, ஆனால் ரூபாயில் எழுதப்பட்டவை எவையும் பாதியாகவில்லை. நிலத்தீர்வை ரூபாயில் எழுதியது. கடன் பத்திரமும் ரூபாயில் எழுதியது. என் பாட்டனார் 1928ஆம் ஆண்டில் கிணறு ஆழப்படுத்துவதற்காக 300 ரூபாய் கடன் வாங்கியிருந்தார். நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி. முன்பு 10 மூட்டை விற்று அடைத்திருக்கக்கூடிய தொகைக்கு இப்போது 20 மூட்டை விற்க வேண்டும். அவர் மேற்கொண்டு ஒரு காசும் வாங்கவில்லை. இருந்தும் கடன் இரட்டித்துவிட்டது. அதே நாளில், நகரத்தில் மாதச் சம்பளம் வாங்கிய உபாத்தியாயர் வீட்டில் அரிசியும் எண்ணெயும் மலிந்து, சற்றே தாராளமான வாழ்வு நடந்தது. நெருக்கடி என்பது எல்லார் வீட்டிலும் ஒரே முகத்தோடு நுழைவதில்லை. உங்கள் வீட்டு வருவாய் எதில் வருகிறது, கடன் எதில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தால், அது எந்த முகத்தோடு வரும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

1931 செப்டம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்து தங்கத் திட்டத்தைக் கைவிட்டது. அதாவது காகிதப் பவுனைக் கொடுத்தால் இன்ன அளவு தங்கம் தருவோம் என்ற வாக்குறுதி நீங்கிற்று. அன்றுவரை ஒன்றாயிருந்த தங்கப் பவுனும் காகிதப் பவுனும் இரண்டாகப் பிரிந்தன. காகிதப் பவுனின் மதிப்பு இறங்கிற்று. நம் ரூபாயை அதே 18 பென்ஸில் அந்தக் காகிதப் பவுனோடு பிணைத்துவிட்டார்கள். ஆகவே ரூபாய்க் கணக்கில் தங்கத்தின் விலை ஏறலாயிற்று. சட்டப்படி தோலா 21 ரூபாய் 3 அணா 10 பைசாவாக இருந்த தங்கம், 1934 அளவில் 30 ரூபாயைத் தாண்டியது. விளைபொருள்களெல்லாம் மலிந்து கிடக்க, தங்கம் ஒன்று மட்டும் விலையேறி நின்றது. கையில் ரொக்கமில்லாத குடியானவர் வேறு எதை விற்பார்?

1932ஆம் ஆண்டு மாசி மாதம், கிஸ்தி கட்ட வேண்டிய தவணை. பாட்டனார் காசுமாலையைத் துணியில் முடிந்துகொண்டு திருவண்ணாமலைத் தேரடி வீதிக்கு நடந்தார். காசு ஒன்று 16 ரூபாய்க்கு விலை போயிற்று. 11 காசுக்கு 176 ரூபாய். கலியாணத்தின்போது வாங்கிய விலையைவிட ஏறக்குறைய மூன்று ரூபாய் ஒவ்வொன்றிலும் கூடுதல். ‘லாபத்துக்குத்தான் விற்றேன்’ என்று அவர் வீட்டில் சொன்னாராம். பாட்டியார் ஒன்றும் சொல்லவில்லையாம். கிஸ்தியும் வட்டியும் போக அசல் அப்படியே நின்றது.

அந்நாளில் நாட்டறிஞர்களுக்கும் சர்க்காருக்கும் நடந்த வாதமும் இதுவே. விலை ஏறியதால் மக்கள் மனமுவந்து விற்கிறார்கள் என்றது சர்க்கார். வயிற்றுக்கும் வரிக்கும் விற்கிறார்கள், ஏற்றுமதியைத் தடை செய்க என்றனர் நம்மவர். தடை வரவில்லை. சில ஆண்டுகளில் ஏறத்தாழ 300 கோடி ரூபாய் பெறுமான தங்கம் இந்தியாவை விட்டு வெளியேறிற்று. அது ஈட்டித் தந்த பவுன்களைக் கொண்டுதான் சர்க்கார் இலண்டன் கணக்கைத் தீர்த்தது; 18 பென்ஸ் விகிதத்தையும் சரியாமல் காத்துக்கொண்டது. எந்த விகிதம் மல்லாட்டையின் ரூபாயைக் குறைத்ததோ, அதைத் தாங்கிப் பிடிக்கவே பாட்டியாரின் 11 காசுகளும் கப்பலேறின என்று எண்ணும்போது, இன்றும் எனக்கு ஒரு கணம் பேச்சு எழுவதில்லை.

கடனில் பெரும்பகுதி பின்னர் நீங்கியதற்குக் காரணம், இராஜாஜி மந்திரிசபை 1938ஆம் ஆண்டில் கொணர்ந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபருக்கு முற்பட்ட கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1ஆம் நாள் வரை நிலுவையில் நின்ற வட்டி முழுவதையும் அது தள்ளுபடி செய்தது. கிணறு எங்களிடமே நின்றது.

ஒரு குடும்பம் செய்ததை ஒரு நாடும் செய்ய நேர்வதுண்டு. 1991ஆம் ஆண்டில் அன்னியச் செலாவணி ஓரிரு வாரத்து இறக்குமதிக்கே போதும் என்ற நிலை வந்தபோது, ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் ஈடு வைத்து ஏறத்தாழ 40 கோடி டாலர் பெற்றது. அவ்வாண்டு ஜூலை முதல் வாரத்தில் ரூபாயின் மதிப்பும் இருமுறை குறைக்கப்பட்டது. ஆனால் அது ஈடு. அக்கடன் விரைவிலேயே அடைக்கப்பட்டது. பாட்டியாருடையது விற்பனை.

அந்தப் பதினெட்டுப் பென்ஸ் விகிதம் எவ்வளவு காலம் நீடித்தது என்று நினைக்கிறீர்கள்? சுதந்திரம் வந்த பிறகும், 1949இல் பவுனோடு ரூபாயும் டாலருக்கு எதிரே இறங்கிய பிறகும், பவுனுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பைசா என்பது மாறவில்லை. 1966 ஜூன் 6ஆம் நாள்தான் மாறிற்று. டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசுக்கு ஏறியது. பவுன் 21 ரூபாயாயிற்று. நான் அப்போது பள்ளி மாணவன். எங்கள் வீட்டு வானொலியில் செய்தி வந்தது. திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டியார் கையை நிறுத்திக் கேட்டார். பிறகு என்னை அழைத்து, “ஏண்டா, பவுனு இருபத்தோரு ரூபாதானாமே? எந்தக் கடையில குடுக்கறான்னு கேட்டு, ஓடிப்போயி பதினொண்ணு வாங்கியா” என்றார்.