பல்லில் தொடங்கி எரிமலை வரை

தர்மபுரி மாவட்டத்தில் சுற்றுச்சூழல் பாடத்துக்குக் களப்பயணம் போக வேண்டுமா? முதல் நாளுக்குப் பேருந்து தேவையில்லை. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களில் பெரியவர்கள் பலர் சிரிக்கும்போது முன்பற்களில் பழுப்புக் கறை தெரியும். வெற்றிலைக் கறையோ பீடிக் கறையோ அல்ல; எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அதைப் பின்தொடர்ந்தால் வகுப்பு கிணற்றடிக்குப் போகும், பாறைக்குப் போகும், கடைசியில் ஆப்பிரிக்காவில் ஓர் எரிமலையின் உச்சிக்கே போய்விடும்.

கறைக்குக் காரணம் ஃபுளூரைடு என்ற உப்புப்பொருள். நிரந்தர முன்பற்கள் வெளியே தெரிவது ஆறு ஏழு வயதில். ஆனால் அவற்றின் எனாமல், அதாவது பல்லைப் போர்த்தியிருக்கும் கடினமான மேலுறை, ஈறுக்குள் உருவாவது முதல் மூன்று நான்கு ஆண்டுகளிலேயே. அந்தச் சமயத்தில் குடிதண்ணீரில் ஃபுளூரைடு மிகுந்தால் உறை சரியாக இறுகாது. உருவாகி முடிந்த பல்லில் இந்தக் கறை புதிதாக வராது. ஆக, அறுபது வயதுக்காரரின் முன்பல், அவர் கைக்குழந்தையாக இருந்தபோது எப்படிப்பட்ட தண்ணீர் குடித்தார் என்பதை இன்றும் சொல்கிறது! இதைக் காட்டப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லக் கூடாது. கறையால் வாய்விட்டுச் சிரிக்கவே கூசும் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். மனமுவந்து காட்டும் தாத்தா பாட்டிகளிடம் போனால் ஊரின் தண்ணீர் வரலாறும் சேர்ந்து கிடைக்கும்: எந்த வருஷம் போர் போட்டார்கள், அதற்கு முன் எங்கே சேந்திக் குடித்தார்கள்.

அடுத்து, ஆளுக்கொரு பாட்டிலில் தண்ணீர். ஃபுளூரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, அந்த அளவில் சுவையும் இல்லை. கண்டுபிடிக்கும் வழி அழகானது. சிர்கோனியம் என்ற உலோகமும் அலிசரின் என்ற சாயமும் கைகோத்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். ஃபுளூரைடுக்குச் சிர்கோனியத்தின் மேல் சாயத்தைவிடப் பிடிப்பு அதிகம். உலோகத்தை அது தன் பக்கம் இழுத்துக்கொள்ள, தனித்துவிடப்பட்ட சாயம் மஞ்சளாகிறது. சோதனைக்குழாயில் சில சொட்டு விட்டு, வந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரிந்துவிடும். வேறு நல்ல தண்ணீர் கிடைக்காத இடத்திலும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 12,000 லிட்டர் டேங்கர் லாரி நிறையத் தண்ணீரில் 18 கிராம், சுமார் ஒரு மேசைக்கரண்டி உப்பின் எடை. அவ்வளவு சொற்பத்தைச் சில சொட்டுச் சாயம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பாட்டில்களை வரிசையாக வைத்தால் பெரும்பாலும் ஒரு புதிர் எழும். திறந்த கிணற்றைவிட ஆழமான போர்வெல்லில் ஃபுளூரைடு கூடுதலாக இருக்கும். ஆழத்துத் தண்ணீர் பாறையோடு நெடுங்காலம் உறவாடிய தண்ணீர்; கருப்பு அபிரகம், ஹார்ன்பிளெண்டு, அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளூரைடு மெல்லக் கரைந்து வருகிறது. அதைக் கட்டிப் பிடித்துப் படியவைக்கக்கூடியது கால்சியம். ஆழத்தில் அந்தக் கால்சியம் சுண்ணாம்பாகத் தானே படிந்து விலகிவிட, ஃபுளூரைடு தடையின்றிச் சேர்கிறது. மழையும் ஓடையும் சேர்ந்த ஆற்று நீருக்கு இந்தச் சிக்கல் குறைவு. அதனால்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான அந்தத் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஊரார் ‘ஒகேனக்கல் தண்ணி’ என்று சொல்வது அதைத்தான்.

ஒகேனக்கல்லுக்குப் போகும் வகுப்பு அருவியையும் பரிசலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டால் எனக்கு வருத்தம்தான். அந்தப் பகுதியின் பாறைகளுக்கிடையே கார்பனடைட் என்ற அபூர்வப் பாறை இருக்கிறது. வயது சுமார் 240 கோடி ஆண்டுகள். அதன் மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் போலவே நுரைக்கும். ஆனால் சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கடலடியில் சிப்பிகளும் ஓடுகளும் படிந்து உருவானது. இதுவோ பூமியின் ஆழத்திலிருந்து உருகிய குழம்பாக மேலேறி உறைந்தது. நுரையில் வெடிக்கும் ஒவ்வொரு குமிழியும் அன்றிலிருந்து கல்லுக்குள் அடைபட்டிருந்த கரியமில வாயு. ஆசிரியர் கையில் ஒரு துண்டு இருந்தால் வகுப்பறையிலேயே இதைச் செய்து காட்டலாம்.

கல் எப்படி உருகிப் பாயும் என்று இந்த இடத்தில் ஒரு பிள்ளை கேட்கும். அப்போது கணினியைத் திறக்க வேண்டும், அதற்கு முன்னால் அல்ல. நாகர்கூடலில் மீனாட்சி உமேஷ் தொடங்கிய புவிதம் பள்ளி நிலம், நீர், காற்று, சூரியன் ஆகியவற்றைச் சுற்றியே பாடத்தை அமைத்திருக்கிறது; தொட்டுப் பார்த்த பிறகே புத்தகம் என்ற அந்த வரிசைதான் திரைக்கும் பொருந்தும். கல்லைத் தொடாத பிள்ளைக்கு எரிமலை வீடியோ வெறும் சினிமா.

கூகுள் எர்த்தில் தான்சானியாவுக்குப் போகலாம். ஓல் டோயின்யோ லெங்காய் மலை, கார்பனடைட் குழம்பைக் கக்கும் ஒரே உயிருள்ள எரிமலை. சாதாரண எரிமலைக் குழம்பின் வெப்பம் 1,000 டிகிரி செல்சியசைத் தாண்டும்; இங்கே 500 முதல் 600 டிகிரிதான். குழம்பு சிவப்பாகத் தகதகக்காது. சேறு போலக் கருப்பாக, எண்ணெய் போல இளகி ஓடி, காற்றின் ஈரம் பட்டதும் வெளுத்துவிடும். அதில் சோடியம் அதிகம், ஒகேனக்கல் பாறையில் கால்சியம். பிறந்த விதம் ஒன்றே.

அதே திரையில் கொஞ்சம் தென்கிழக்கே நகர்த்தினால் அருஷா. எரிமலைப் பாறை சூழ்ந்த அந்த ஊர்ப்பக்கத்திலும் தண்ணீரில் ஃபுளூரைடு, பற்களில் அதே பழுப்புக் கறை. அங்கே மாட்டெலும்பைச் சுட்டுக் கரியாக்கி வடிகட்டியில் நிரப்புகிறார்கள். எலும்பும் பல்லும் அபடைட் வகைக் கனிமத்தால் ஆனவை. ஃபுளூரைடு அதில் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். எந்தக் குணத்தால் உடம்பில் தங்குகிறதோ, அதே குணத்தால் வடிகட்டியில் மாட்டிக்கொள்கிறது.

நம் ஊரில் எலும்புக்கரியில் வடித்த தண்ணீரைக் குடிக்கப் பலர் தயங்குவார்கள். நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறை வேறு வழியில் போகிறது. தண்ணீரில் சுண்ணாம்பும் படிகாரமும் சேர்த்துக் கலக்கினால் பஞ்சு போன்ற திரள்கள் உண்டாகி, ஃபுளூரைடைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கும். அளவு பிசகினால் அலுமினியம் தங்கிவிடும் என்பதால் வகுப்பில் செய்த தண்ணீரைக் குடிக்கக் கூடாது; திரள் இறங்குவதைப் பார்க்க ஒரு கண்ணாடிக் குடுவையும் ஒரு மணி நேரமும் போதும்.