அளவறிந்து அணிவோம்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த ஆடை ஆளுக்குப் பொருந்தாமல் போனால் இரண்டு பாதியும் கெட்டுவிடும். இதைச் சென்ற ஆண்டு விழாவின்போது பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அனுபவத்தில் கற்றுக்கொண்டோம். கற்றதை எங்கள் தங்கைமாருக்கும் தோழியருக்கும், ஆடை வாங்கித் தரும் பெற்றோருக்கும் சொல்லவே இக்கட்டுரை.

நடந்தது என்ன?

விழாவில் குழு நடனம் ஆட எங்களில் எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே நிறத்தில் ஆயத்த ஆடை வாங்குவது என்று முடிவாயிற்று. எட்டுப் பேருக்கும் ‘எம்’ அளவு போதும் என்று நாங்களாகவே எண்ணி ஒரு கடையில் வாங்கி வந்தோம். போட்டுப் பார்த்தபோது மூவருக்கு மட்டுமே சரியாக இருந்தது. ஒருத்திக்குத் தோள் நழுவியது. இன்னொருத்திக்குக் கையைத் தூக்கவே முடியவில்லை. மற்றொரு தோழிக்கு ஆடை மார்புக்குக் கீழே இறங்க மறுத்தது. மாற்றித் தரும்படி மறுநாள் கடைக்குச் சென்றபோது, “சாப்பாட்டைக் குறைம்மா, எல்லாம் சரியாயிடும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

கடையில் இருந்தவர்கள் அதை அன்றைக்கே மறந்திருப்பார்கள். எங்கள் தோழியால் மறக்க முடியவில்லை. மறுநாளிலிருந்து அவள் மதிய உணவைத் தொடவில்லை. டிபன் டப்பாவை அப்படியே வீட்டுக்குக் கொண்டு போனாள். அம்மா கேட்டால் வயிற்று வலி என்றாள். ஒன்பதாம் நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். காரணம் தெரிந்தபோது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் நாங்கள் கவனிக்கவில்லையே! (அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம்.)

தையல் வகுப்பெடுக்கும் சிஸ்டர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார். எங்களை அளப்பதற்கு முன் ஆடைகளை அளக்கச் சொன்னார். எங்கள் ‘எம்’ ஆடையின் மார்புச் சுற்றளவு 38 அங்குலம். வேறொரு கடையில் வாங்கிய, ஒருத்தியின் அக்காவுடைய ‘எம்’ ஆடையோ 40 அங்குலம். எழுத்து ஒன்று, அளவு இரண்டு! “இப்பொழுது சொல்லுங்கள், தவறு இவள் உடம்பிலா, அந்தச் சீட்டிலா?” என்று சிஸ்டர் கேட்டார்.

அளவுச் சீட்டு எப்படி வந்தது?

முற்காலத்தில் ஆடைக்கு ‘சைஸ்’ என்ற ஒன்று கிடையாது. சேலை எல்லாருக்கும் ஒரே நீளந்தான். மெலிந்தவர் கொசுவத்தைக் கூட்டிக்கொள்வார், பருத்தவர் குறைத்துக்கொள்வார். பாவாடைக்கு நாடா உண்டு. இடுப்பு எவ்வளவோ அவ்வளவுக்கு இறுக்கலாம், தளர்த்தலாம். சிறுமியரின் பட்டுப் பாவாடையில் இரண்டு மூன்று டக் பிடித்துத் தைத்து, வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவார்கள். பத்தாம் வகுப்பில் தாவணி அணிந்த அம்மாமாருக்கு இது நன்கு தெரியும். அன்று உடம்புக்கேற்ப ஆடை வளைந்து கொடுத்தது. இன்று ஆடைக்கேற்ப உடம்பு வளைய வேண்டும் என்று நினைக்கிறோம்.

ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரித் தைக்கும்போதுதான் அளவுகளை வகைப்படுத்தும் தேவை வந்தது. அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் படைவீரர்களுக்குச் சீருடை தைத்தபோது ஆண்களின் அளவுகள் ஓர் ஒழுங்குக்கு வந்தன. பெண்களின் அளவு வெகுகாலம் கழித்தே எடுக்கப்பட்டது. அமெரிக்க வேளாண்மைத் துறை 1939, 1940ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவருக்கும் 59 அளவுகள் எடுத்தார்கள். ஆனால் வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அந்தக் கணக்கை வைத்து 1958இல் ஓர் அளவுத் திட்டம் வெளியிட்டார்கள். அது நடைமுறைக்கு ஒத்து வராததால் 1983இல் கைவிடப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி அளவு வைத்துக்கொண்டது.

நம் நாட்டு ஆடை நிறுவனங்களும் பெரும்பாலும் வெளிநாட்டு அளவுகளையே சிறிது மாற்றிப் பயன்படுத்தி வந்தன. நம்மவர் உடலமைப்புக்கென்று தனி அளவு வேண்டும் என்பதற்காகத் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமாகிய ‘நிஃப்ட்’ 2018இல் ஒரு திட்டத்தை அறிவித்தது. நாட்டின் ஆறு வட்டாரங்களில், 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை, உடலைத் தொடாமலே அளக்கும் கருவியைக் கொண்டு அளப்பது அத்திட்டம். அதில் தொடக்க வயது பதினைந்து என்பதைக் கவனியுங்கள். அது எங்கள் வயது!

நம் கறம்பக்குடிப் பக்கம் பல வீடுகளுக்கு வெளிநாட்டில் வேலை பார்க்கும் அப்பாவோ மாமாவோ ஆடை அனுப்புவது உண்டு. அதில் உள்ள எழுத்துக்கும் நம் கடைவீதி ஆடையில் உள்ள எழுத்துக்கும் பொருள் வேறாக இருக்கலாம். ஆகவே சீட்டில் உள்ள எழுத்தை நம்ப வேண்டாம். நாடாவில் உள்ள எண்ணை நம்புவோம்.

அளவு எடுக்கும் முறை

தன்னைத் தானே அளந்தால் குனிய நேரும், அளவு தவறும். ஆகவே அம்மாவையோ அக்காவையோ தோழியையோ அளக்கச் சொல்ல வேண்டும். தடித்த ஆடைமீது அளக்கக் கூடாது. இயல்பாக நின்று, கைகளைத் தொங்கவிட்டு, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் இருக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்து ஏமாற்றினால் ஏமாறுவது நாமே.

மார்பளவை மார்பின் அகன்ற பகுதியில் எடுக்க வேண்டும். நாடா முதுகுப் பக்கம் கீழே சரியாமல் தரைக்கு இணையாக இருக்கட்டும். இடையளவை இடுப்பின் ஒடுங்கிய இடத்திலும், இடுப்புக்குக் கீழ்ச் சுற்றளவை அதன் அகன்ற இடத்திலும் எடுக்க வேண்டும். தோளளவை முதுகுப் பக்கமாக ஒரு தோள் எலும்பின் முனையிலிருந்து மறு தோள் எலும்பின் முனை வரை எடுக்க வேண்டும். உயரத்தைக் கழுத்தை ஒட்டிய தோளிலிருந்து மார்பின் வழியாக, ஆடை எங்கே முடிய வேண்டுமோ அதுவரை அளக்க வேண்டும். கை நீளத்தையும் கைச் சுற்றளவையும் மறக்கக் கூடாது.

இவை உடம்பின் அளவுகள். ஆடை இதைவிடச் சற்றுத் தளர்வாக இருந்தால்தான் மூச்சுவிடவும் அசையவும் முடியும். சுடிதார் மேலாடைக்கு மார்பளவைவிட மூன்று நான்கு அங்குலம் கூடுதலாக இருப்பது நல்லது. மார்பளவு 34 அங்குலம் என்றால் ஆடையின் அளவு 37 அல்லது 38 இருக்கலாம். கடையில் அட்டவணையைப் பார்க்கும்போது அது உடம்பின் அளவா, ஆடையின் அளவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும். நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினாலும் 40 அங்குல நீளத்தில் ஓர் அங்குலத்திற்கு மேல் போய்விடும். எனவே தைக்கக் கொடுக்கும் முன் துணியை நனைத்துக் காயவைப்பது அவசியம்.

நீளம் எவ்வளவு?

ஒரே நீளம் எல்லாருக்கும் ஒரே இடத்தில் முடியாது. 42 அங்குல மேலாடையை எங்கள் வகுப்பில் இருவர் அணிந்து பார்த்தோம். ஐந்தடி உயரமுள்ளவளுக்கு அது கெண்டைக்காலின் நடுவில் முடிந்தது. ஐந்தடி ஆறு அங்குலம் உள்ளவளுக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றது. கடைப் பொம்மையில் பார்த்த நீளம் நம்மிடம் அப்படியே வராது என்பது இதனால் விளங்கும்.

நீளத்தைத் தீர்மானிக்க அழகோடு நாம் செய்யும் வேலையையும் பார்க்க வேண்டும். நடவு நடும் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொள்கிறார்கள் அல்லவா? வேலைக்கேற்ற நீளம் அது. சைக்கிளில் வருபவருக்குத் தரையைத் தொடும் பாவாடை ஆகாது, சங்கிலியில் சிக்கும். துப்பட்டாவின் முனையைப் பின்னால் முடிந்துகொள்ளாமல் சைக்கிளிலோ இரு சக்கர வண்டியிலோ ஏறவே கூடாது. சக்கரத்தில் சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும். பேருந்துப் படியில் ஏறும்போது காலில் மிதிபடும் ஆடையும் ஆபத்தே.

பொருந்துகிறதா என்று அறிய

கண்ணாடி முன் அசையாமல் நின்று பார்ப்பது போதாது. இரு கைகளையும் மேலே தூக்குங்கள். தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள். முழந்தாளிடுங்கள். குனிந்து எழுங்கள். எங்கும் இழுக்கவில்லை, எங்கும் விலகவில்லை என்றால் அது உங்கள் ஆடை. பித்தான்களுக்கிடையே இடைவெளி தெரிந்தாலும், மார்பின் குறுக்கே துணி கோடு கோடாக இழுத்தாலும், கழற்றியபின் தோலில் தடம் பதிந்திருந்தாலும் ஆடை சிறியது. தோள் தையல் கைமீது இறங்கினாலும், கழுத்தை அடிக்கடி இழுத்துவிட நேர்ந்தாலும் ஆடை பெரியது. மூன்று மணி நேரம் பொதுத்தேர்வு எழுதப்போகும் எங்களுக்கு அக்குள் இறுக்காத ஆடை எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை!

இறுக்கம் உடல்நலத்தோடும் தொடர்புடையது. பாவாடை நாடாவை நாள்தோறும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுவதால் இடுப்புத் தோல் கறுத்துப் புண்ணாவதை நம் வீட்டுப் பெரியவர்களிடம் காணலாம். ஆறாத அத்தகைய புண் இரண்டு முதிய பெண்களுக்குத் தோல் புற்றுநோயாக மாறியதை நம் நாட்டு மருத்துவர்கள் 2024இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். இது மிக அரிது, அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அகலமான நாடா, தளர்ந்த முடிச்சு, கட்டும் இடத்தை மாற்றுதல் ஆகிய மூன்றும் எளிய காப்பு. பாட்டிக்கும் அம்மாவுக்கும் இதைச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

“வளர்ற பிள்ளை, இரண்டு விரல் பெரிசாத் தைங்க” என்று தையல்கார அக்காவிடம் அம்மாமார் சொல்வது வழக்கம். சிக்கனம் நல்லதே, ‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ வேண்டும் என்பதை நாங்களும் அறிவோம். ஆனால் முதலாண்டு சாக்குப் போலவும், மூன்றாம் ஆண்டு உறை போலவும் சீருடை அணிவது எங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது. அதற்கு ஒரு வழி உண்டு. ஆடையை இன்றைய அளவுக்கே தைத்து, பக்கத் தையல்களின் உள்ளே ஓர் அங்குலத் துணியும், கீழ் மடிப்பில் மூன்று அங்குலத் துணியும் விடச் சொல்லுங்கள். பின்னர் பிரித்துவிடலாம். மடிப்பு இருந்த இடத்தில் நிறம் மாறித் தெரிந்தால் மேலே லேஸ் வைத்துத் தைத்துவிடலாம். பழைய ‘அளவு ஜாக்கெட்’டைக் கொடுத்தே தைக்காமல் ஆறு மாதத்திற்கு ஒருமுறை புதிதாக அளவெடுப்பது நல்லது. எங்கள் வயதில் உடம்பு அவ்வளவு விரைவாக மாறுகிறது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறோம். “குண்டு”, “ஒல்லிக்குச்சி” என்று விளையாட்டாகக்கூடச் சொல்லாதீர்கள். நாங்களும் எங்களுக்குள் அப்படி அழைப்பதை நிறுத்திவிட்டோம்.

முடிவாக

எங்கள் நடன ஆடைகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். தையல்கார அக்கா ஐந்து ஆடைகளைப் பிரித்தார். ஒன்றின் தோளைக் குறுக்கினார். ஒன்றின் கையைத் தளர்த்தினார். எங்கள் தோழியின் ஆடைக்கு இரு பக்கமும் அதே நிறத்தில் பட்டை வைத்துத் தைத்தார். விழாவில் எட்டுப் பேரும் ஆடினோம். கீழே இருந்தவர்களுக்கு எந்த ஆடையில் பட்டை வைத்தது என்று தெரியவில்லை. நடனம் முடிந்ததும் அவள் எங்களோடு உட்கார்ந்து இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

அன்புத் தோழியரே! ஆடை பொருந்தாவிட்டால் ஆடையை மாற்றுவோம்; உணவை விடோம். உங்கள் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இன்றைய தேதியிட்டு உங்கள் அளவுகளை எழுதி வையுங்கள். அவை மதிப்பெண்கள் அல்ல. கூடினாலும் குறைந்தாலும் தேர்ச்சியோ தோல்வியோ இல்லை. அடுத்த முறை கடைக்குப் போகும்போது நாடா ஒன்றைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். யாரேனும் சிரித்தால் சிரிக்கட்டும்.