பெத்தா மட்டும் போதுமா பாஸ்?

ஆபரேட்டிங் சிஸ்டம் லேப்ல நம்ம பசங்களைத் திருதிருன்னு முழிக்க வைக்கிற ப்ரோகிராம் எது? சந்தேகமே வேணாம், ஃபோர்க்!

சி-யில ஃபோர்க்னு ஒரு வரி எழுதினா, ஓடிக்கிட்டிருக்கிற ப்ரோகிராம் தன்னைப் போலவே இன்னொண்ணைப் பெத்துப் போடும். பழசு பேரன்ட், புதுசு சைல்டு. கூப்பிட்டது ஒரு தடவை, பதில் ரெண்டு! சைல்டுக்கு 0, பேரன்ட்டுக்கு சைல்டோட ஐ.டி. நம்பர். பெக்கவே முடியலைன்னா -1. வரிசையா மூணு ஃபோர்க் போட்டா மொத்தம் 8 ப்ராசஸ். வைவாவுக்கு இதை மனசுல வெச்சுக்கோங்க.

ராஜபாளையத்து அம்மா ஒருத்தங்க, பையனை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா வாங்க அனுப்புறாங்கன்னு வெச்சுக்குவோம். ரெண்டு பேர் கையிலயும் ஒரே லிஸ்ட். பையன் தன் லிஸ்ட்டைத் திருத்தினா அம்மா லிஸ்ட் மாறாது. யார் வேலை முதல்ல முடியும்? சொல்லவே முடியாது. அதனால பக்கத்து சிஸ்டத்துல அவுட்புட் வேற வரிசையில வந்தா பதறாதீங்க, ரெண்டுமே சரிதான்! 'பையன் வந்தப்புறம்தான் அடுத்த வேலை'ன்னு அம்மா காத்திருந்தா, அதுதான் வெயிட். ஒரு வெயிட் ஒரு சைல்டுக்குத்தான். மூணு சைல்டுன்னா மூணு வெயிட்.

போடலைன்னா? வேலை முடிச்சு வந்த பையன், 'வாங்கிட்டேம்மா'ன்னு சொல்ல ஆள் இல்லாம நிப்பான். இவன்தான் ஜாம்பி! மெமரியைத் திருப்பிக் கொடுத்திருப்பான், ஆனா ப்ராசஸ் டேபிள்ல இடம் பிடிச்சிருப்பான். கில் -9 போட்டாலும் அசைய மாட்டான். செத்தவனை எப்படிங்க கொல்றது? எல்லாரும் லாகின் பண்ற லேப் சர்வர்ல, லூப்புக்குள்ள ஃபோர்க் போட்டு வெயிட்டை விட்டுட்டா, டேபிள் நிறைஞ்சு யாருமே புது ப்ராசஸ் தொடங்க முடியாமப் போகலாம்.

பேரன்ட் முதல்ல போயிட்டா சைல்டு அனாதை. ஆனா, துளசித் தோட்டத்துல கிடைச்ச ஆண்டாளைப் பெரியாழ்வார் வளர்த்த ஊராச்சே நம்மது! லினக்ஸ்லயும் அப்படி ஒருத்தர் உண்டு. வழக்கமா ஐ.டி. 1 உள்ள ப்ராசஸ்தான் அனாதைகளைத் தத்தெடுத்து, அவங்களுக்காக வெயிட்டும் போடும்.

ஃபோர்க் ஐடியாவை 1963-ல் கட்டுரையா வெளியிட்டவர் மெல்வின் கான்வே. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கின யூனிக்ஸ் அதைப் பிரபலமாக்குச்சு. 'சிலபஸோட முடிஞ்சுடும்'னு நினைக்காதீங்க. ஆண்ட்ராய்டு போன்ல நீங்க திறக்கிற ஆப் எல்லாம், ஸைகோட்ங்கிற ப்ராசஸ் ஃபோர்க் பண்ணிப் பெத்த பிள்ளைங்கதான்!

ஸோ, அடுத்த லேப்ல ஃபோர்க் எழுதின கையோட, பேரன்ட் பக்கம் வெயிட் இருக்கான்னு ஒரு லுக் விடுங்க. பெத்தவங்க பொறுப்பு பாஸ் அது!