கொட்டும் கையும் கேட்கும் செவியும்

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் கிழக்கே சில மைல் சென்றால் அயோத்தியாப்பட்டணம் வரும். இராமபிரான் இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் இங்கே தங்கினான் என்று தலபுராணம் கூறும். கோதண்டராமர் கோயில் உற்சவத்தில் ஒலிக்கும் தவிலும், மாரியம்மன் பண்டிகையில் முழங்கும் பறையும், பட்டறையில் விழும் சம்மட்டியும் இவ்வூர்ப் பிள்ளைகளின் செவியில் தாலாட்டோடு கூடவே புகுந்து விடுகின்றன. இப்படிப்பட்ட ஊரில் ஒரு பையன் பெஞ்சைத் தட்டினான் என்பதற்காக நாம் கோபம் கொண்டோம் என்றால் நேயர்கள் சிரிக்கலாம். ஆயினும் கொண்டோம்.

நாம் கணக்கு உபாத்தியாயர். பையன் ஒன்பதாம் வகுப்பு, பெயர் வேண்டாம். கணக்கு என்றால் அவனுக்கு வேப்பங்காய். மீச்சிறு பொது மடங்கை நாம் மூன்றாம் முறையாக விளக்கிக் கொண்டிருக்கையில், மூங்கிலில் தானே சீவிய இரண்டு குச்சிகளால் அவன் பெஞ்சில் தாளம் போட்டான். குச்சிகளைப் பிடுங்கி மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினோம்.

மறுநாள் அவன் தகப்பனார் வந்தார். "ஏதோ ஹெவி மெட்டலாம் சார். செல்போன்ல ராத்திரி பகலா அந்தச் சத்தந்தானுங்க. அது போதாதுன்னு, பறையடிக்கிறவங்க தெருவுக்குப் போய் உட்கார்ந்துக்கறான். கொட்டு அடிக்கிறது நம்ம குடும்பத்துல உண்டுங்களா? நீங்க நாலு வார்த்தை சொன்னாக் கேட்பான்" என்றார்.

சொல்கிறோம் என்று வாக்களித்தோம். அவர் போன பிறகுதான், எதைக் கண்டிக்கப் போகிறோம் என்பதே நமக்குத் தெரியாது என்று உறைத்தது. அறியாததைக் கண்டிப்பது ஆசிரியனுக்கு அழகன்று. ஆகவே ஒரு வாரம் விசாரித்தோம்.

ஹெவி மெட்டல் என்பதைக் 'கன உலோகம்' என்று சொல்லலாம். மேனாட்டில் இந்தச் சங்கீதத்துக்கு மூலபுருஷர்களாகக் கருதப்படுகிறவர்கள், இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து ஆஸ்டன் என்னும் தொழிலாளர் பேட்டையில் வளர்ந்த நான்கு வாலிபர்கள். 'பிளாக் சப்பாத்' என்ற பெயருடன் 1970 பிப்ரவரியில் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அவர்களில் கிதார் வாசித்த டோனி அயோமி, உலோகத் தகட்டு ஆலையில் வேலை செய்கையில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். சேலத்துக்காரர்களாகிய நமக்கு இது அந்நியமான கதையன்று. கஞ்சமலையில் இரும்புத் தாது வைத்திருக்கும் சீமையல்லவா நம்முடையது?

அந்தக் கோஷ்டியில் டிரம்ஸ் வாசித்தவர் பில் வார்டு, 1948-ல் பிறந்தவர். இடிபோல் முழக்கும் இவர் யாரைக் கேட்டு வளர்ந்தார்? ஜீன் குரூப்பா, பட்டி ரிச் முதலிய அமெரிக்க ஜாஸ் வித்வான்களை! அவர்கள் நடன மண்டபங்களில் துள்ளத் துள்ள வாசித்தவர்கள். அந்தத் துள்ளலே இரும்புச் சட்டை அணிந்து கொண்டு பில் வார்டின் கையில் வந்தது. 2025 ஜூலை 5-ம் தேதி, அதே ஆஸ்டனில் உள்ள வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் கூடிக் கடைசி முறையாக வாசித்தார்கள். பிறந்த இடத்திலேயே கச்சேரியை முடிப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அவர் வாசித்த வாத்தியத்தையும் சற்றுப் பார்ப்போம். முற்காலத்தில் பெரிய முரசை ஒருவர், சிறிய முரசை ஒருவர், ஜாலராவை ஒருவர் என மூவர் வாசித்து வந்தனர். பெரிய முரசைக் காலால் மிதித்து ஒலிக்கச் செய்யும் நல்லதொரு மிதிகட்டைக்கு 1909-ல் லட்விக் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இப்படிப்பட்ட சாதனங்களால் மூவர் வேலையை ஒருவரே செய்யலானார். அந்தத் தொகுதியில் 'டாம் டாம்' என்று சில முரசுகள் உண்டு. அப்பெயர் ஆங்கிலேயர் இந்திய பாஷைகளிலிருந்து எடுத்துச் சென்றது என்கின்றன அகராதிகள்.

சரி, இந்தக் கருவியை நமது தேசத்தில் ஆண்டவர் உண்டா? உண்டு. சிவமணியின் பெயரை அறியாத தமிழ்க் குடும்பம் இராது. 1959-ல் பிறந்த சென்னைவாசி. தகப்பனார் எஸ். எம். ஆனந்தன் சினிமா வாத்தியக் குழுக்களில் தாள வாத்தியம் வாசித்தவர். பிள்ளையோ ஏழு வயதிலேயே கொட்டத் தொடங்கி விட்டார். பாடகர் எஸ். பி. பாலசுப்ரமணியம் இவரை ஆதரித்து மேடையேற்றினார். வாலிபத்தில், ஏ. ஆர். ரஹ்மான் இடம் பெற்ற 'ரூட்ஸ்' என்ற கோஷ்டியில் வாசித்தார். 2019-ல் இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ விருது அளித்தது.

சிவமணி ஹெவி மெட்டல் வித்வான் அல்லர். ஆனால் அவருடைய செவி எங்கெல்லாம் சென்றது என்பதே நமக்கு முக்கியம். ஒரு பக்கம், குன்னக்குடி வைத்தியநாதனின் வயலினும் வலயப்பட்டியின் தவிலும் பாலக்காடு ரகுவின் மிருதங்கமும். மற்றொரு பக்கம், பில்லி கோபம் என்ற அமெரிக்கர். உடுக்கை, கஞ்சிரா, கடம் என்று அவர் மேடையில் எல்லாம் இருக்கும். அவை போதாவிட்டால் பிளாஸ்டிக் வாளியும் பெட்டியும் பேசும். உலகத்தில் ஊமைப் பொருள் ஒன்றுமில்லை, தட்டத் தெரியாத கைதான் உண்டு என்பது அவர் சித்தாந்தம் போலும்!

அந்தப் பில்லி கோபம் யார் என்று தேடப் போய் நாம் அதிசயித்து நின்றோம். 1944-ல் பனாமாவில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். இரண்டு பெரிய முரசுகளை இரு கால்களாலும் முழக்கியவர். இருகால் முழக்கம் இன்று ஹெவி மெட்டலின் இலட்சணமாகவே ஆகிவிட்டது. 1971-ல் அவர் சேர்ந்த கோஷ்டிக்குப் பெயர் 'மகாவிஷ்ணு'! அதன் தலைவர் ஜான் மெக்லாலின் என்ற ஆங்கிலேயர். நம் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். ஐந்து, ஏழு, ஒன்பது என்ற ஒற்றைப்படைத் தாளங்களை அக்கோஷ்டி வெகு சரளமாகக் கையாண்டது. பின்னர் மெக்லாலின் 'சக்தி' என்ற கோஷ்டியை அமைத்தபோது, நமது விக்கு விநாயக்ராம் கடத்துடன் சென்று சேர்ந்தார். அவரும் பங்கு கொண்ட 'பிளானட் டிரம்' என்ற இசைத்தட்டு 1992-ல் கிராமி பரிசு பெற்றது. நம் கண்டமும் மிச்ரமும் கடல் கடந்து போய், வேறு வேஷத்தில் சென்னைச் சிறுவன் ஒருவனின் செவிக்கே திரும்பி வந்தன அல்லவா?

வாரம் முடிந்தது. பையனை அழைத்தோம். நடுங்கிக்கொண்டு வந்தான். "வலக்கையால் ஏழுக்கு ஒரு முறை, இடக்கையால் நாலுக்கு ஒரு முறை அழுத்தித் தட்டு, பார்ப்போம்" என்றோம். தகிட தகதிமி என்று உதட்டுக்குள் முணுமுணுத்தபடி தட்டினான். ஒரு மாத்திரை பிசகவில்லை.

"இரண்டு கையும் எப்போது சேர்ந்து விழுகின்றன?"

"இருபத்தெட்டுல சார்."

"அதற்குத்தானடா மீச்சிறு பொது மடங்கு என்று பெயர்!"

பையன் விழித்தான், பிறகு சிரித்தான். மூன்று முறை கரும்பலகையில் நாம் விளக்கித் தோற்றதை அவன் கைகள் முன்னமே அறிந்திருந்தன. இதை அவனுக்குக் கற்பித்தது யார் என்று கேட்டோம். பறையடிக்கும் தெருவில் ஒரு பெரியவர் என்றான். அந்தப் பெரியவர் வீட்டு வாசலை நாம் ஒரு நாளும் மிதித்ததில்லை. தோலைத் தொட்டவனைத் தள்ளி வைத்த ஜாதிக் கர்வம் அந்தத் தகப்பனாரிடம் மட்டுமா இருக்கிறது? தொலைக்காட்சியில் சிவமணியைக் கண்டு கை தட்டுகிறோம். நம் தெருவில் பறை கொட்டியவருக்குக் கூலியை எட்டி நின்று நீட்டுகிறோம்.

தகப்பனாரை வரவழைத்து இதையெல்லாம் சொன்னோம். கொட்டுகிறவர்கள் எல்லோரும் சிவமணி ஆகிவிடுவதில்லை என்பதையும் மறைக்கவில்லை. பலருக்குப் பண்டிகை நாளன்றி வருமானம் இல்லை. பள்ளிப் படிப்பை விடக் கூடாது. ஆனால் அந்தப் பெரியவரிடம் பையன் ஒளிந்து போகவும் கூடாது. தகப்பனாரே வெற்றிலை பாக்குடன் அழைத்துச் சென்று, குரு என்று வணங்கச் செய்ய வேண்டும் என்றோம்.

அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "கணக்குல பாஸ் ஆயிருவானுங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

"அது நம் பொறுப்பு" என்றோம்.

வெற்றிலை பாக்கு வாங்கினாரா என்பது இதுவரை தெரியவில்லை. இழுப்பறையைத் திறந்து குச்சிகளைப் பையனிடம் கொடுத்து விட்டோம். அந்தப் பெரியவர் வீட்டுக்குத் தகப்பனார் போகிறாரோ இல்லையோ, வரும் ஞாயிற்றுக்கிழமை நாம் போவதாக இருக்கிறோம்.