லெனனின் பிளைவுட் கிட்டார்

நல்ல அக்கூஸ்டிக் கிட்டாரின் மேல்பலகை ஒட்டுப்பலகையாக இருக்கக் கூடாது என்பது கிட்டார் வாங்குகிறவர்களின் பால பாடம். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனுடைய புகழ்பெற்ற கிட்டாரோ பிளைவுட் மேல்பலகை கொண்டது. அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் 1954-இல் கொண்டுவந்த ஜே-160இ அது. 1962 செப்டம்பரில் லிவர்பூல் கடை ஒன்றின் மூலம் வரவழைத்து, லெனனும் அதே குழுவின் ஜார்ஜ் ஹாரிசனும் ஆளுக்கொன்று வாங்கினார்கள்.

பிளைவுட்டுக்குக் காரணம் உண்டு. மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினால் கல்யாண மண்டபமே அதிரக் கீச்சிடுமே, மின்சாரம் சேர்ந்த கிட்டாரிலும் அதே தொல்லைதான். ஸ்பீக்கர் சத்தம் மேல்பலகையை அதிர வைக்கும். அந்த அதிர்வு, கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் வழியாக மறுபடி ஸ்பீக்கருக்கே போகும். அதிர்வைக் குறைக்கவே ஒட்டுப்பலகை. உள்ளே ஏணிப்படி போலக் குறுக்குச் சட்டங்கள். விரல்பலகை முடியும் இடத்தில் பிக்கப்பின் ஆறு திருகுகள் மட்டும் வெளியே தெரியும். மேல்பலகையில் இரண்டு குமிழ்கள்: ஒன்று சத்தத்துக்கு, இன்னொன்று தொனிக்கு. ஒயர் செருகாமல் வாசித்தால் ஒலி சற்று வறண்டு, அடங்கி ஒலிக்கும். பீட்டில்ஸின் தொடக்க காலப் பாடல்களுக்கு அந்த வறட்சியே கச்சிதமாகப் பொருந்தியது. எந்தக் கீச்சொலியைத் தடுக்க இத்தனை பாடுபட்டார்களோ, அதையே 1964-இல் ‘ஐ ஃபீல் ஃபைன்’ பாடலின் தொடக்கத்தில் லெனன் வேண்டுமென்றே ஒலிக்கவிட்டார்.

1963 டிசம்பரில் லண்டனில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகள் நடந்தபோது லெனனின் கிட்டார் காணாமல் போனது. சில ஆண்டுகளில் கலிபோர்னியாவில் ஒருவர், யாருடையது என்றே தெரியாமல், ஒரு பழைய ஜே-160இ வாங்கினார். மரத்தின் ரேகைகளைப் பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு அது லெனனுடையதுதான் என்று உறுதி செய்ய அரை நூற்றாண்டு ஆனது. 2015 நவம்பர் ஏலத்தில் அது 24 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்குப் போனது.

மறுபதிப்புகளுக்குக் குறைவில்லை. லெனனின் 70-வது பிறந்தநாள் ஆண்டான 2010-இல் கிப்சன் சிறப்புப் பதிப்பு வெளியிட்டது. கிப்சனின் எபிஃபோன் பெயரில் மலிவான வடிவமும் வந்தது. சில பதிப்புகளில் பிளைவுட்டை எடுத்துவிட்டுத் திட மரம் போட்டார்கள். ஒலி பெருகும், சரி. ஆனால் அது லெனன் வாசித்த ஒலி அல்ல. ஓசூர் சிப்காட்டில் டிராயிங்கைப் பார்த்து வேலை செய்கிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம்: டிராயிங்கில் இருப்பதை ‘நல்லதாக’ மாற்றினாலும் பீஸ் ரிஜெக்ட்தான்.

ஜே-160இ கிட்டாரின் விரல்பலகை ரோஸ்வுட், அதாவது நம் ஊரில் தோதகத்தி என்றும் ஈட்டி என்றும் சொல்லும் மர இனம். பிரேசில் ஈட்டி மரம் கிடைப்பது அரிதானதும், மார்ட்டின் கிட்டார் நிறுவனம் 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. மற்றவர்களும் நம் மலைக்காடுகளின் மரத்தைத் தேடி வந்தார்கள். 2011 ஆகஸ்டில் கிப்சன் ஆலைகளில் அமெரிக்க அதிகாரிகள் நடத்திய சோதனையே இந்திய ஈட்டி, கருங்காலிப் பலகைகளுக்காகத்தான். இந்தியா ஏற்றுமதிக்கு அனுமதிக்காத தடிமனில் அவை வந்தன என்பது புகார். மடகாஸ்கர் கருங்காலி விவகாரமும் சேர்ந்து, மறு ஆண்டில் 3 லட்சம் டாலர் கட்டி கிப்சன் சமரசம் செய்துகொண்டது.

தமிழ்நாட்டில் ஈட்டிக் கட்டையை லாரியில் ஏற்றினால் வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். ஓசூர் எல்லையில் உள்ள ஜூஜூவாடி வழியாகக் கர்நாடகம் போவதற்கும் அப்படித்தான். 2017 ஜனவரியிலிருந்து பன்னாட்டு வணிகத்திலும் ஈட்டி இனம் முழுவதற்கும் கட்டுப்பாடு வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. அறுத்த பலகைக்கு இன்னும் கிடைக்கவில்லை.