மாவு புளிக்கிற நேரத்துக்கும் காசு வேண்டும்

தொடக்க நிலை நல்கை எப்படி இயங்குகிறது?

சமவெளியில் ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி நிற்கும். ஊட்டியில் மார்கழி மாதம் அது நடக்காது. உறைபனி விழும் இரவில் மாவு வைத்தது வைத்தபடியே கிடக்கும். அதனால் இங்கே பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றுவார்கள், விறகடுப்பின் ஓரத்தில் வைப்பார்கள், பழைய மாவில் ஒரு கரண்டி எடுத்துக் கலப்பார்கள். அடுப்பில் இன்னும் எதுவும் ஏறியிருக்காது. வரலாறு, மொழி, வழக்காறு என்று மானுடப் புலங்களில் வேர்விட்ட ஆவணப்படங்களுக்குக் கிடைக்கும் தொடக்க நிலை நல்கை இந்தக் கதகதப்புதான். படப்பிடிப்புக்கு முந்தைய, வெளியே எதுவும் தெரியாத மாதங்களுக்கான பணம்.

நீலகிரியிலிருந்தே ஒரு படத்தை நினைத்துப் பார்ப்போம். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியவர்களில் பலர் மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் இன்று குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்). கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இன்னும் அவர்களுக்கு ‘சிலோன்காரங்க’ என்றுதான் பெயர். இவர்களைப் பற்றி ஒருவர் படமெடுக்க நினைக்கிறார்.

அரிசியையும் உளுந்தையும் தனித்தனியாகத்தான் ஊறப்போட வேண்டும். இங்கே ஒன்று ஏடு, மற்றொன்று ஆள். ஒப்பந்த ஆவணங்கள், அந்தக்காலச் செய்தித்தாள்கள், ஆய்வு நூல்கள் ஒரு பக்கம். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டில் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் பழைய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இன்னொரு பக்கம். அந்தப் பெட்டி திறக்க, அந்த வீட்டுத் திண்ணையில் நாலு தடவையாவது உட்கார்ந்து தேநீர் குடித்திருக்க வேண்டும். போய் வருகிற பேருந்துச் செலவு, தங்கும் செலவு, பேச்சை எழுத்தில் பெயர்ப்பவருக்கான கூலி, பழைய படச்சுருளைப் பார்க்கக் கட்டணம், ஆய்வாளருக்கான மதிப்பூதியம், இயக்குநரின் சொந்த வீட்டு வாடகை எல்லாம் இந்த நல்கையில்தான் அடங்கும். இருபது வயதில் எழுபதுகளில் வந்தவர்கள் இன்று எழுபதைத் தொட்டுவிட்டார்கள். நாளை பணம் கிடைத்தால் பேசலாம் என்று தள்ளிப்போட அவர்களுக்கு வயதில்லை. இந்தப் பணத்தின் அவசரம் எனக்கு அங்கேதான் உறைக்கிறது.

ஊறியதை அரைத்துக் கலப்பதுதான் விவரண அறிக்கை எழுதுவது. பொருளை மட்டும் சொன்னால் போதாது, கேள்வி வேண்டும். ‘சிலோன்காரர்களின் துயரம்’ என்பது பொருள். ‘பிறந்த ஊரை விட்டு வந்ததை ஏன் தாயகம் திரும்புதல் என்று அரசு பதிந்தது, வந்தவர்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள்?’ என்பது கேள்வி. இயக்குநர் சபா திவானின் ‘தி அதர் சாங்’ (2009) ஆவணப்படம் இதற்கு நல்ல சான்று. பனாரஸின் பாடகி ரசூலன் பாய் 1935இல் இசைத்தட்டுக்குப் பாடி, பிறகு பாடாமல் விட்ட ஒரு தும்ரி வடிவத்தைத் தேடிப் போகிறது அந்தப் படம். தேடல் விரிந்து, தவாயிஃப் எனப்படும் ஆடல்பாடல் பெண்களின் கலை எப்படி ஒதுக்கப்பட்டது என்ற வரலாறாகிறது. அதற்குக் கைகொடுத்தது பெங்களூரின் இந்தியக் கலை அறக்கட்டளை, அதாவது ஐ.எஃப்.ஏ.

அடுத்தது பதம் பார்ப்பது. சில நிமிட மாதிரிக் காட்சி எடுத்து, பேசுபவர் கேமரா முன் எப்படி இருக்கிறார், கதை நிற்கிறதா என்று தேர்வுக்குழுவிடம் காட்டுவார்கள். அதிகம் புளித்தாலும் கெடும் என்பதால்தான் நல்கைக்குக் கெடு உண்டு. பணம் தவணையாக வரும், முதல் தவணைக்குக் கணக்கும் அறிக்கையும் கொடுத்தால்தான் அடுத்தது.

அமெரிக்காவின் தேசிய மானுடப் புல நிதியம் இந்த இரண்டு கட்டங்களையும் வெளிப்படையாகவே பிரித்தது: தொடக்க நிலைக்கு 75,000 டாலர் வரை, தயாரிப்புக்கு 7 லட்சம் டாலர் வரை. துறை அறிஞர்கள் ஆலோசகர்களாக இல்லாத விண்ணப்பம் அங்கே நின்றதில்லை. அதே நிதியம் 2025 ஏப்ரலில், ஏற்கெனவே அறிவித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நல்கைகளை ரத்து செய்தது. பாதி புளித்த மாவோடு நின்றவர்கள் எத்தனை பேரோ.

நம் நாட்டில் தயாரிப்புக்குப் பணம் தர பி.எஸ்.பி.டி. (பொதுச் சேவை ஒளிபரப்பு அறக்கட்டளை) 2000இல் வந்தது. கொல்கத்தாவின் டாக்எட்ஜ் 2004 முதல் முளைவிடும் படங்களுக்குப் பயிற்சியும் முதலீட்டாளர் சந்திப்பும் தருகிறது. ஆம்ஸ்டர்டாமின் இட்ஃபா ஆவணப்பட விழா சார்ந்த பெர்தா நிதி ஆசியப் படங்களுக்கு உதவும், ஆனால் வெளிநாட்டுப் பணத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊறல் கட்டத்துக்கென்றே இருப்பவை குறைவு. ஊட்டியில் பிறந்த கார்த்திகி கொன்சால்வெஸ் ரகு என்ற யானைக்குட்டியை 2017இல் சந்தித்தார். அந்தக் குட்டியைப் பற்றிய அவரது 41 நிமிட ஆவணப்படம் 2022இல் வந்தது, ஆஸ்கர் 2023இல். நடுவிலிருந்த ஆண்டுகளை யாராவது தாங்கத்தான் வேண்டும்.

விண்ணப்பத்தில் எழுதும் ஆலோசகர் பட்டியல் பேராசிரியர்களோடு முடிந்துவிடக் கூடாது. நீலகிரிப் பழங்குடியான தோடர்களின் பாடல்களை மொழியியலாளர் எமனோ 1930களில் கேட்டு எழுதினார், நூலாக வந்தது 1971இல். அந்த நூல் பழைய மாவு மாதிரி, துணைக்கு உண்டு. ஆனால் இன்று தோடர் பாட்டைப் பற்றிப் படமெடுப்பவர் தோடர் குடியிருப்பான மந்தில் பாடத் தெரிந்தவரையே ஆலோசகராக எழுதி, பட்ஜெட்டில் பேராசிரியருக்கு உள்ள அதே தொகையை அவருக்கும் போட வேண்டும்.

ஐ.எஃப்.ஏ. 1995 முதல் நல்கை தருகிறது. அங்கே விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்.